மக்கள்கிட்ட விசாரிச்சோம்னு சொல்றீங்களே, எந்த மக்கள்கிட்ட?

கத்தோலிக்கச் சாமியாரா ஒருத்தருக்குப் பட்டம் கொடுக்குற பூசைக்கு, அதாவது குருப்பட்டத் திருப்பலிக்குப் போனவங்க எல்லாருமே இதைக் கேட்டிருப்பீங்க, ஆனா எத்தனை பேர் காதுல ஏறியிருக்கும்னு தெரியல. பட்டம் வாங்கப்போற தியாக்கோனை (குருவுக்கு முந்தின படியில இருக்கிறவரை) முன்னாடி கூப்பிட்டதும் ஆயர், அதாவது பிஷப் கேப்பாரு, இவர் தகுதியானவர்னு உங்களுக்குத் தெரியுமான்னு. பக்கத்துல நிக்கிற ஃபாதர், கிறிஸ்தவ மக்கள்கிட்ட விசாரிச்சதுலயும் பொறுப்பாளர்கள் பரிந்துரைச்சதுலயும் இவர் தகுதியானவர்னு சான்று சொல்றேன்பாரு. நாம உடனே இறைவனுக்கு நன்றின்னு சொல்லிட்டு கைதட்டுவோம். நானும் ஏழெட்டு பட்டத்துல தட்டியிருக்கேன். கடைசியா தட்டினப்போதான் திடீர்னு உறைச்சுது, கிறிஸ்தவ மக்கள்னா நாமதானே, நம்மகிட்ட யாரு வந்து எப்ப விசாரிச்சா?

இதை எங்க அன்பியத்துல, அதான் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவங்க கூடுற செபக் குழுவுல, சொன்னேன். ஒரு அக்கா, அப்போ நீ சாமியாருங்க கல்யாணம் பண்ணிக்கணும்னு சொல்றியான்னு கேட்டாங்க. நான் எங்க சொன்னேன்? ஆனா எப்பவுமே இப்படித்தான், பொதுநிலையினர், அதாவது சாமியாரா இல்லாத நம்மள மாதிரி சாதாரண விசுவாசிகள், குருத்துவத்தைப் பத்தி வாயைத் திறந்தாலே பேச்சு நேரா கல்யாணத்துல போய் நிக்கும். சரி அதையும் சொல்லிடுறேன். பேதுருவுக்கு மாமியார் இருந்தாங்க, காய்ச்சலா கிடந்தவங்களை இயேசு குணமாக்கினாருன்னு நற்செய்தியே சொல்லுது. கல்யாணமானவங்க குருவாகுற வழக்கம் கிழக்கத்திய மரபுல வந்த கீழைத் திருஅவைகள்ல இன்னைக்கும் இருக்கு, அவங்களும் திருத்தந்தையோட ஒன்றிப்புல இருக்கிற கத்தோலிக்கர்தான். 1139ல நடந்த இரண்டாம் லாத்தரன் சங்கம்ங்கிற ஆயர்கள் பேரவைதான், திருஅவையோட பெரும்பகுதியான இலத்தீன் முறையில குருவோட கல்யாணம் செல்லவே செல்லாதுன்னு சொல்லுச்சு. 2019ல அமேசான் பகுதிக்காக ஆயர்கள் கூடின மாமன்றத்துல, குருவே எட்டிப்பார்க்காத காட்டுப்பகுதிகளுக்கு, கல்யாணமான தியாக்கோன்கள்ல தகுதியானவங்களுக்குப் பட்டம் கொடுக்கலாம்னு 128 பேர் ஆதரிச்சு ஓட்டுப் போட்டாங்க, எதிர்த்தவங்க 41. அடுத்த வருஷம் வந்த திருத்தந்தை மடல்ல அதைப் பத்தி ஒரு வரி இல்ல. என்னைக் கேட்டா, விருப்பமிருக்கிறவங்க பண்ணிக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்ல. ஆனா கல்யாணம் பண்ணின ஃபாதரும் கணக்குக் காட்டாம இருக்கலாம், குற்றவாளியைக் காப்பாத்தலாம். என் பிரச்சினை அவர் வீட்டுல யார் இருக்காங்கங்கிறது இல்ல, அவர்கிட்ட கேள்வி கேக்க யாருக்கு உரிமை இருக்குங்கிறதுதான்.

சிலி நாட்டுல ஒசோர்னோன்னு ஒரு மறைமாவட்டம், அதாவது ஒரு ஆயரோட நிர்வாகத்துல இருக்கிற பகுதி. 2015ல அங்க ஹுவான் பாரோஸ்ங்கிறவரை ஆயரா போட்டாங்க. சிறுவர்களைச் சீரழிச்சதா வத்திக்கானே 2011ல தண்டிச்ச கரதிமாங்கிற சாமியார் இருந்தாரே, அவர் பண்ணினதெல்லாம் இவருக்குத் தெரியும், தெரிஞ்சே மூடி மறைச்சாருன்னு பாதிக்கப்பட்டவங்க சொன்னாங்க. பாரோஸ் மறுத்தாரு. அந்த ஊர் பொதுநிலையினர் என்ன பண்ணாங்க தெரியுமா, ஆயர் பதவியேற்குற அன்னைக்கே கறுப்புச் சட்டை போட்டு, கறுப்பு பலூன் புடிச்சுகிட்டு பேராலயத்துக்குள்ளயே நின்னு கத்தினாங்க. அப்புறம் மூணு வருஷத்துக்கு மேல விடவே இல்ல. திருத்தந்தை பிரான்சிஸ்கூட முதல்ல இவங்களைத்தான் திட்டினாரு, இடதுசாரிங்க பேச்சைக் கேட்டு ஆடுறாங்கன்ற மாதிரி. 2018 ஜனவரியில சிலிக்கே போய், ஆதாரம் கொண்டு வாங்க பேசுறேன், இதெல்லாம் அவதூறுன்னாரு. எதிர்ப்பு பெருசாகவே பேராயர் சிக்லூனாவை விசாரிக்க அனுப்பினாரு. 64 பேர் சாட்சி, 2,300 பக்க அறிக்கை. ஏப்ரல்ல அதே திருத்தந்தை, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்னு எழுதினாரு, மே மாசம் சிலி ஆயர்கள் மொத்தப் பேரும் ராஜினாமா கடிதம் நீட்டினாங்க, ஜூன்ல பாரோஸோட ராஜினாமாவை ஏத்துக்கிட்டாரு.

ஒப்புக்கிட்டாரே, அதுக்கு அவர் மேல எனக்கு மரியாதைதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஆயர்கள், தூதரகம், வத்திக்கான் அலுவலகங்கள்னு அத்தனை படிப்புப் படிச்சவங்க தவறவிட்டதை, கையில பலூனோட நின்ன சாதாரண ஜனங்க மூணு வருஷம் முன்னாடியே சரியா சொன்னாங்க. அந்த மூணு வருஷமும் அவங்களுக்குக் கிடைச்ச பேரு கலகக்காரங்க.

நம்மகிட்ட இதுக்குன்னே ஒரு வசனம் வெச்சிருக்காங்க. அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதே, சாமியாரைப் பேசினா சாபம் வரும். எங்க அம்மா இன்னைக்கும் சொல்வாங்க. அது திருப்பாடல் 105, தயவு செஞ்சு முழுசா படிங்க. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு சொற்பப் பேரா நாடு நாடா அலைஞ்சப்போ, இவங்களைத் தொடாதீங்கன்னு கடவுள் ராஜாக்களை எச்சரிச்சதா வர்ற பாட்டு அது. அதிகாரம் இல்லாதவனைக் காப்பாத்துற வசனத்தை எடுத்து அதிகாரத்துல இருக்கிறவருக்குக் கேடயமா புடிக்கிறோம்! போகட்டும், அபிஷேகம்னே பேசுவோம். ஞானஸ்நானத்துல நம்ம குழந்தைங்க உச்சந்தலையில கிறிஸ்மாங்கிற புனித எண்ணெயைப் பூசி, கிறிஸ்து குருவாவும் இறைவாக்கினராவும் அரசராவும் இருக்கிற மாதிரின்னு செபம் சொல்றாங்களே, அது என்ன சும்மா வாசனைக்கா பூசுறாங்க? அப்படிப் பார்த்தா நான்கூடத்தான் தொடப்படக்கூடாது.

நான் ரெண்டு வருஷம் பங்குப்பேரவையில, அதாவது எங்க கோயிலோட மக்கள் பிரதிநிதிகள் குழுவுல, இருந்தேன். ஒரு கூட்டத்துல, திருவிழா வசூல் கணக்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டலாமே ஃபாதர்னு பணிவாத்தான் கேட்டேன். உன் அப்பன் வீட்டுக் காசான்னு கேக்கல, அந்த அளவுக்கு நல்லவர். சிரிச்சுகிட்டே, ஆண்டவர்கிட்ட கணக்கு ஒப்படைச்சுக்கிறேன்ப்பான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், கூட்டம் முடிஞ்சு டீ குடிச்சிட்டு வந்துட்டோம். அப்புறம்தான் திருஅவைச் சட்டத்தைத் தேடிப் படிச்சேன். 1983ல வந்த தொகுப்பு. 537ஆவது சட்டம், ஒவ்வொரு பங்குலயும் நிதிக்குழு இருந்தே ஆகணும்ங்குது. 1287, மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்கள்கிட்ட கணக்கு காட்டணும்ங்குது, எப்படிங்கிறதை அந்தந்த இடத்துச் சட்டம் முடிவு பண்ணும். 212 இன்னும் மேல, திருஅவையோட நன்மை பத்தின விஷயத்துல தங்கள் கருத்தை மேய்ப்பர்கள்கிட்ட சொல்றது விசுவாசிகளோட உரிமை, சில நேரம் கடமையும்கூடன்னு எழுதியிருக்கு. கடமைங்க! ஓட்டை எங்கன்னா, பேரவைக்கு இருக்கிறது ஆலோசனை சொல்ற அதிகாரம் மட்டும்தான், ஃபாதர் கேட்டாலும் கேக்கலாம் கேக்காமலும் போகலாம். 2024 அக்டோபர்ல முடிஞ்ச ஆயர் மாமன்றத்தோட இறுதி ஆவணம் இந்தப் பேரவைகளைக் கட்டாயமாக்கணும், வெளிப்படைத்தன்மை வேணும்னெல்லாம் சொல்லுது, அப்போ திருத்தந்தையா இருந்த பிரான்சிஸும் அங்கீகரிச்சாரு. அதைப் பத்தி ஒரு ஞாயித்துக்கிழமை மறையுரை கேட்டவங்க கை தூக்குங்க பார்ப்போம்.

இதை சாமியார் வெறுப்புப் பதிவா யாரும் ஷேர் பண்ணாதீங்க. உலகத்துல கத்தோலிக்கர் 140 கோடிப் பேர், குருக்கள் 4 லட்சத்துச் சொச்சம்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு, சாகக் கிடக்கிறவங்களுக்கு எண்ணெய் பூசி செபிக்கிற அவஸ்தைப் பூசுதலுக்கு எழுந்து ஓடி, காலையில பூசை வெச்சு, மத்தியானம் தனியா சாப்பிடுற ஃபாதருங்களை எனக்குத் தெரியும். அவர் உடைஞ்சு போனா சொல்லி அழ ஒரு ஆள் கிடையாது, ஏன்னா நாம அவரைப் பீடத்துல தூக்கி வெச்சுட்டோம். கேள்வி கேக்க யாரும் நெருங்காத மனுஷன்கிட்ட ஆறுதல் சொல்லவும் யாரும் நெருங்குறதில்ல.

நாங்க எட்டுப் பேர் சேர்ந்து ஆயருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கோம். பட்டத்துக்கு முன்னாடி அந்தப் பையன் வேலை செஞ்ச பங்குகள்ல, முக்கியமா பெண்கள்கிட்ட, நிஜமாவே விசாரிங்க. நிதிக்குழுவுல ஃபாதர் கைகாட்டுற ஆளு மட்டும் இல்லாம மக்கள் தேர்ந்தெடுக்குற ஆளும் இருக்கட்டும். புகார் வந்தா விசாரிக்கிற குழுவுல பொதுநிலையினர் பாதிப் பேராவது இருக்கணும். இவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம். ஒருத்தர் பேர் போட வேணாம்னுட்டாரு, அவர் பொண்ணு கல்யாணம் அடுத்த மாசம், பங்குத்தந்தை கையெழுத்து வேணும். கோபப்பட முடியல. மீதி ஏழு பேர் போட்டுட்டோம், வியாழக்கிழமை நேர்ல கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டோம்னு சீல் வாங்கிட்டு வரலாம்னு இருக்கோம். கூட வர்றவங்க இன்பாக்ஸ் வாங்க.