செம்பு மருந்தும் மலை மண்ணும்

“இவ்வளவு வருஷமா மருந்து அடிக்கிறோம், தேயிலை என்ன செத்தா போச்சு? மண்ணு தாங்கிக்கும்.” மலையில் யாரிடம் பேச்செடுத்தாலும் இதுதான் பதில். தாங்குகிறது, உண்மை. எப்படித் தாங்குகிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

1946இல் கொப்புள நோய், தளிரில் கொப்புளம் எழுப்பும் பூஞ்சை நோய், இலங்கைத் தேயிலைக்கு வந்தது. அன்றிலிருந்து அதற்கு முக்கிய மருந்து செம்பு. மழைக்காலத்தில், அதுவும் கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது) முடிந்து தளிர் விடும் மலைகளில், வாரம் பத்து நாளுக்கொருமுறை அடிப்பார்கள். அடித்தவர் சட்டையில் நீலப்பச்சைக் கறை. இலையில் படிந்தது மழையில் கழுவிக் கீழே இறங்கும்.

சில பூச்சி மருந்துகளை நுண்ணுயிர்கள் தின்னவே பழகிவிடும். கார்போபியூரானைத் திரும்பத் திரும்பப் போட்ட நிலங்களில் பாக்டீரியா அதைச் சீக்கிரமே தின்று தீர்த்து, மருந்து பலிக்காமல் போன கதை பல நாடுகளில் உண்டு. செம்பு அப்படியில்லை. அது தனிமம், எந்த உயிராலும் சிதைக்க முடியாது. போட்டது பெரும்பாலும் மேல்மண்ணிலேயே கிடக்கும். தேயிலை மண்ணோ புளிப்பு மண். புளிப்பில் செம்பு இன்னும் எளிதாகக் கரைந்து உயிர்களைத் தொடும்.

தாங்க முடியாத நுண்ணுயிர்கள் செத்துப்போகும். உள்ளே நுழையும் செம்பை வெளியே தள்ளும் புரதம் உள்ளவை மிஞ்சும். ஒழுகும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ராத்திரி முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் இறைப்பவர் மறுநாள் வேலைக்கு எப்படிப் போவார்? அந்தப் பாக்டீரியாவின் நிலையும் அதுதான். சருகை மக்க வைக்க வேண்டிய சக்தியில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். அந்தப் புரதத்துக்கான மரபணு சில நேரம் பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் கைமாறும். டென்மார்க்கில் செம்பு ஏறிய மண்ணில் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் பாக்டீரியாவும் கூடியிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பயம்.

1988இல் சுவீடனின் ஹான்ஸ் பிளாங்க் குழு முன்வைத்த யோசனை இந்த “தாங்கிக்கும்” பேச்சைத் தலைகீழாக்குகிறது. இரண்டு இடத்து நுண்ணுயிர்களுக்கும் ஒரே அளவு நஞ்சைக் கொடுத்துப் பார். அதிகம் தாங்குகிற கூட்டம்தான் ஏற்கெனவே அடிபட்ட கூட்டம். அதாவது தாங்குவதே நஞ்சு இருந்ததற்குச் சாட்சி.

சரி, மருந்தை நிறுத்திவிட்டால்? 2021இல் இலங்கை அரசு ரசாயன உர, மருந்து இறக்குமதியைத் திடீரென்று தடுத்து, விளைச்சல் விழுந்து, நவம்பரிலேயே திரும்பத் திறந்துவிட்ட கூத்தைப் பார்த்தோம். அப்படியே நிறுத்தியிருந்தாலும் கிடந்த செம்பு கிடந்தபடிதான். அதன் கடுமையைக் குறைக்க மக்கு, அதாவது மக்கிய இலைதழை, வேண்டும். மக்கு செம்பைக் கட்டிப்பிடித்து வைக்கும்.

அதற்கான பொருள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கவ்வாத்தில் வெட்டிப்போட்ட கிளைகள், மிலாறு, மலையிலேயே கிடக்கிறது. “மிலாறை எடுக்காதே, மண்ணுக்கு விடு” என்று தோட்டத்தில் சொல்வார்கள். விடலாம்தான். ஆனால் லயத்து அடுப்பு எரிவதே அந்த மிலாறில். கேஸ் விற்கிற விலையில் அவர்கள் வேறெதை எரிப்பார்கள்? முதலில் வீட்டுக்கு விறகு கொடுங்கள், அப்புறம் மிலாறைக் கேளுங்கள்.