குட்டி வேண்டாம், வளர்ந்த பொட்டை நாயை எடுங்கள்

கோபி, சத்தி, அந்தியூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் சொந்தக்காரர்களும், ஈரோட்டிலும் திருப்பூரிலும் வாடகை வீட்டில் இருக்கும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், பூனையோ ஆடோ இருக்கிறது, தெருவில் இருந்து மீட்ட நாய் ஒன்றை எடுத்து வளர்க்கலாமா? தாராளமாக எடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் கேட்பவர்கள் மனத்தில் இருப்பதோ, கண் திறந்து சில வாரங்களே ஆன ஒரு கடுவன் குட்டி, அதாவது ஆண் குட்டி. அங்கேதான் நான் மாறுபடுகிறேன். சிறு குழந்தைகளும் பிற வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டுக்கு ஏற்றது, இரண்டு மூன்று வயது நிரம்பிய, கருத்தடை செய்யப்பட்ட பொட்டை நாய்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதில் நியாயம் உண்டு. பிறந்த மூன்றாம் வாரம் தொடங்கி ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை ஒரு நாய்க்குட்டி எதைப் பார்க்கிறதோ, எதனுடன் பழகுகிறதோ, அதை வாழ்நாள் முழுவதும் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்தக் காலத்தின் முதல் பாதியில் அதற்குப் பாடம் சொல்லித்தருவது நாமல்ல. தாயும் கூடப் பிறந்த குட்டிகளும்தான். விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்பதை எட்டு வாரமாவது தாயுடன் இருந்த குட்டி கற்றுக்கொண்டு வருகிறது. நம் ஊரிலோ முப்பது நாள் ஆனவுடன் பையில் போட்டு எடுத்து வந்துவிடுகிறார்கள். ஊசி முனை போன்ற பால் பற்களுடன் அது ஓடுகிற குழந்தையின் கெண்டைக்காலைத்தான் முதலில் பிடிக்கும். குட்டிக்கு அது விளையாட்டு, குழந்தைக்கு வலி. சில வாரங்களில் குழந்தை நாயைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் அந்தக் குட்டி சந்தைக்கடையோரமோ கோயில் வாசலிலோ விடப்படுகிறது. இப்படி விடப்பட்ட குட்டிகளை எங்கள் பகுதியில் நான் வருத்தத்துடன் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

நோய் இன்னொரு காரணம். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டி ரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாட்களில் இறந்துபோவதைக் குழந்தைகள் கண்ணால் பார்க்க நேர்வது கொடுமை. வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதம் நிரம்பும்போதுதான் போடப்படுகிறது. அதற்கு முன்பே அதை வெறிபிடித்த நாய் ஏதும் கடித்திருந்தால் நமக்குத் தெரிய வழியில்லை. குட்டிதானே கீறியது என்று விட்டுவிடுவதைப் போல ஆபத்தான அலட்சியம் வேறில்லை.

வளர்ந்த நாயிடம் இந்த இருட்டு இல்லை. அதன் குணம் அந்தத் தெருவுக்கே தெரியும். எங்கள் நாய் செவலையை எடுப்பதற்கு முன்பு, அதற்குச் சோறு வைத்துவந்த டீக்கடை அக்காவிடம் போய்ப் பேசினேன். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் கூச்சலோடு ஓடி வந்தால் இது என்ன செய்யும், தட்டில் சோறு இருக்கும்போது வேறு உயிர் பக்கத்தில் வந்தால் என்ன செய்யும், யாரையாவது கடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்வதற்கு முன்பே கண்ணால் பார்த்தேன். கடைப் பூனை வந்து தட்டில் தலையை நுழைத்தபோது செவலை ஒரு அடி பின்வாங்கி, உட்கார்ந்து, பூனை தின்று முடிக்கும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தக் குட்டியிடமும் இந்தச் சான்றிதழை வாங்க முடியாது.

பொட்டை நாய் என்றவுடன் முகம் சுளிப்பவர்கள் உண்டு. "ஏம் அம்மிணி, பொட்ட நாயைப் புடிச்சுட்டு வந்திருக்கறே, வருசத்துக்கு ரெண்டு ஈத்துப் போட்டா எங்க கொண்டுபோயி உடறது?" என்று என் அத்தையும் கேட்டார்கள். செவலையின் காதோரம் இருந்த சிறு வெட்டைக் காட்டினேன். கருத்தடை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2001 ஆம் ஆண்டின் விதிகள் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக வந்த 2023 ஆம் ஆண்டின் விதிகளும் அதையே சொல்கின்றன. அறுவை முடிந்த பொட்டை நாய்க்கு ஈத்தும் இல்லை, வாசலில் கடுவன்கள் கூட்டம் கூடும் தொல்லையும் இல்லை. காவலில் அது எந்தக் கடுவனுக்கும் குறைந்ததில்லை. ஒரே ஈத்தில் பிறந்த கடுவன்களை எல்லாம் வீடுகள் தேர்ந்தெடுத்துக்கொள்ள, பொட்டைக் குட்டிகள் மட்டும் சாலையோரம் மிஞ்சுகிற வழக்கம் நம் பகுதியில் ஆழ வேரூன்றியிருக்கிறது. நாய் எண்ணிக்கை பெருகுவதற்கான காரணங்களில் இது முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து.

ஆடு வைத்திருப்பவர்களிடம் மட்டும் நான் இரட்டிப்புக் கவனத்தோடு பேசுவேன். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் அடைத்திருந்த ஆடுகளை நாய்க்கூட்டம் இரவில் புகுந்து குதறியதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் இறந்த ஆடுகளோடு சாலைக்கு வந்ததும் நமக்குத் தெரியும். அந்த வேதனையைச் சாதாரணமாகப் பேச எனக்கு உரிமையில்லை. கூட்டமாகத் திரிந்து ஆட்டைத் துரத்திப் பழகிய நாயை, எவ்வளவு பரிதாபமாக இருந்தாலும், பட்டி உள்ள தோட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஆடு கோழி இல்லாத வீடு அதற்குக் கிடைக்கட்டும். பழக்கம் தெரியாத நாயாக இருந்தால், கழுத்துப் பட்டையும் கயிறும் கையில் இருக்க, வேலிக்கு வெளியே தள்ளி நின்று ஆடுகளைப் பார்க்க விட வேண்டும். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாயோடு பழக்கிவிடலாம். உடல் விறைத்து, கண் இமைக்காமல், கூப்பிட்டாலும் திரும்பாமல் நிற்கும் நாயை அந்த வேலிக்கு உள்ளே ஒருபோதும் அவிழ்த்துவிடக் கூடாது.

வீட்டில் ஏற்கனவே நாய் இருந்தால், புதியது வந்ததும் நேராக வாசலில் முகத்துக்கு முகம் நிறுத்துவதுதான் சண்டைக்கு வழி. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் முடித்து, இரண்டு வாரமாவது தனியாக வைத்திருங்கள். பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், எங்களுக்குக் கீழ்பவானி வாய்க்கால் கரை வாய்த்தது, ஆளுக்கு ஒரு கயிறாகப் பிடித்து இடைவெளி விட்டு நடத்திக்கொண்டு போங்கள். தட்டு எப்போதும் தனித்தனி இடத்தில் இருக்கட்டும். பூனைக்கு நாய் எட்ட முடியாத உயரத்தில் ஓர் இடம் இருந்தால் போதும், மீதியைப் பூனையே பார்த்துக்கொள்ளும்.

நாயைப் பழக்குவதற்கு முன் குழந்தைகளைப் பழக்க வேண்டும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தூங்கும் நாயைத் தொடக் கூடாது, தின்னும் நாயின் பக்கம் போகக் கூடாது, கழுத்தைக் கட்டிப்பிடிக்கக் கூடாது, நாம் போகாமல் அது நம்மிடம் வர வேண்டும். எங்கள் ஆசாரத்து (முன்கூடத்து) மூலையில் ஒரு சாக்கு விரித்து, செவலை அங்கே படுத்திருந்தால் யாரும் கூப்பிடவும் கூடாது என்று வைத்தோம். நாய் உதட்டை நக்குவதும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவதும், தலையைத் திருப்பாமல் வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பதும் "எனக்குச் சங்கடமாக இருக்கிறது" என்று அது சொல்லும் விதங்கள். என் சின்ன மகள் இப்போது, "அப்பத்தா, அது வாயை நக்குது, உட்டுருங்க" என்று பெரியவர்களுக்கே சொல்கிறாள். உறுமினால் அடிக்கிறார்கள் பலர். உறுமல் எச்சரிக்கை; அதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். எவ்வளவு நல்ல நாயானாலும், சிறு குழந்தையும் நாயும் பெரியவர் துணையின்றித் தனியாக இருக்கக் கூடாது. இதில் எனக்கு எந்த விட்டுக்கொடுத்தலும் இல்லை.

பல்லோ நகமோ பட்டால் திட்டமாட்டோம் என்று குழந்தைகளுக்கு வாக்குக் கொடுங்கள். திட்டுக்குப் பயந்துதான் குழந்தைகள் மறைக்கிறார்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வைக்கவே கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். முதல் ஊசிக்குப் பிறகு 3, 7, 28 ஆம் நாட்களின் தவணைகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது. ரத்தம் வந்திருந்தால், உடனடிப் பாதுகாப்புத் தரும் எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். நம் மலைக்கு மேலே குன்னூரில், வெறிநோய்ச் சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கி வருகிற மண் இது. இங்கே ஒரு குழந்தை இந்த நோயால் சாக எந்த நியாயமும் இல்லை.

நாய் மீட்பில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் மிரளும், மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நம்பும். செவலை முதலில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்து வெளியே வரவே இல்லை. தண்ணீரையும் சோற்றையும் அங்கேயே வைத்துவிட்டு விலகிவிட்டோம். யாரும் கையை நீட்டாததால்தான் அது தானாக எழுந்து வந்தது.

தெருநாய்களைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில், விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும், அப்படி எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் கூறியிருக்கிறது. ஆகவே எடுப்பதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். குலதெய்வம் கோயிலுக்கோ பழனிக்கோ குடும்பத்தோடு போகும் நாட்களில் யார் சோறு வைப்பது, வாடகை வீடு மாறினால் நாய்க்குச் சம்மதிக்கும் வீட்டைத்தான் பார்ப்போமா, ஆண்டுதோறும் தடுப்பூசிக்கு யார் கூட்டிப்போவது? இந்த மூன்றுக்கும் பெயர் சொல்லிப் பதில் இருந்தால், உங்கள் தெரு டீக்கடையில் சோறு வைப்பவரிடம் போய் விசாரிக்கத் தொடங்கலாம்.