பட்ஜெட் வாசித்த முதல் பெண் நிர்மலா சீதாராமனா?

பட்ஜெட் நேரம் வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும்: "இந்திய பட்ஜெட்டைத் தாக்கல் செய்த முதல் பெண், மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன்." மதுரை சரி, முதல் பெண் என்பதுதான் தவறு.

1969 ஜூலையில் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறையைப் பிடுங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டார் பிரதமர் இந்திரா காந்தி. அதே மாதம் 19ஆம் தேதி 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. மறு ஆண்டு, 1970 பிப்ரவரி 28 அன்று, மக்களவையில் பட்ஜெட் உரையை வாசித்தவரும் அவரே. அப்புறம் ஜூன் மாதம் நிதித்துறை ஒய்.பி. சவாணிடம் போனது.

குழப்பம் எங்கே வந்தது என்றால், 'முழுநேர' என்ற ஒரு சொல் பகிரப்படும் வழியில் உதிர்ந்துவிட்டது. இந்திரா நிதித்துறையைக் கூடுதல் பொறுப்பாகத்தான் வைத்திருந்தார். 2019 மே மாதம் பொறுப்பேற்ற நிர்மலாதான் முதல் முழுநேரப் பெண் நிதியமைச்சர். அந்த ஜூலை 5 அன்று, வழக்கமான பெட்டிக்குப் பதில் அரசு முத்திரை பதித்த சிவப்புத் துணியில் பட்ஜெட்டைச் சுற்றி எடுத்துவந்தாரே, அந்தப் படத்தைத்தான் இந்தச் செய்தியோடு ஒட்டி அனுப்புகிறார்கள். படம் அசல்தான்.

பாதுகாப்புத் துறையிலும் இதே கதை: 2017இல் நிர்மலா அதன் முதல் முழுநேரப் பெண் அமைச்சர், ஆனால் இந்திரா அதையும் முன்பே கையில் வைத்திருந்தவர்.