169.254 வந்தால் கார்டு பழுது என்று பொருள் அல்ல
"விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் நெட்வொர்க் கார்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிப் பணத்தை வீணாக்காதீர்கள். நெட்வொர்க்கில் தன்னை அடையாளம் காட்டும் எண்ணான முகவரியை ரவுட்டரிடம் கேட்டுப் பதில் வராதபோது கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எண் அது. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே உண்டு. கார்டையே கணினி அறியாவிட்டால் அந்த எண்ணும் தோன்றாது.

முதலில் கேபிளைப் பாருங்கள். யாங்கோனில் எங்கள் தமிழ் வகுப்புக் கணினிக்கும் இதே தொல்லை வந்தது. முனையைக் கழற்றிப் பார்த்தால், மழைக்கால ஈரத்தில் அதன் சின்னஞ்சிறு உலோகப் பற்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது! வேறு கேபிளைச் செருகி, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டோம், 192.168 என்று சரியான முகவரி வந்துவிட்டது. அதே பழைய கார்டுதான் இன்றும் ஓடுகிறது.