லவேயின் கழுத்தும் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டமும்

எங்கள் அலுவலகத்தின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எங்களை உற்சாகப்படுத்த ஒரு சினிமாப் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். அதைக் குறை சொல்லி நான் நான்கே வரிதான் எழுதினேன். அதற்கு இவ்வளவு வசை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மறுபடி விவரிக்கப் போவதில்லை. "நல்ல பேச்சைக் கேட்டு நாலு பேர் உற்சாகமாக இருந்தால் உங்களுக்கு எங்கே எரிகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எரிகிறதுதான் ஐயா. எங்கே என்று சொல்கிறேன்.

திரையில் போட்டுக் காட்டினார்களே, பயிற்சியாளராக வரும் நடிகர் அல் பாசினோ அங்குலம் அங்குலமாகப் போராடச் சொல்லும் அந்தப் பேச்சு, அது ஆலிவர் ஸ்டோனின் 'எனி கிவன் சண்டே' படத்தில் வருவது. 1999 டிசம்பரில் வெளியான படம். மயாமி ஷார்க்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. பந்தைக் கையால் வீசி ஆட்டத்தை நடத்தும் முதல் குவார்ட்டர்பேக்குக்கு அடி, அவருக்குப் பதிலாக வந்தவருக்கும் அடி. மூன்றாவதாக உள்ளே வரும் இளைஞன் பதற்றத்தில் மைதானத்திலேயே வாந்தி எடுக்கிறான். அப்பாவிடமிருந்து அணியைப் பெற்ற முதலாளியம்மா கணக்குப் பார்க்கிறார். பயிற்சியாளருக்கு வேலை போகும் நிலை. இத்தனைக்கும் பிறகுதான் அந்தப் பேச்சு வருகிறது. தானே கரை தெரியாமல் தத்தளிக்கும் ஒரு கிழவர் பேசும் பேச்சு அது. பணத்தையெல்லாம் தொலைத்தேன், என்னை நேசித்தவர்களை விரட்டிவிட்டேன், கண்ணாடியில் என் முகத்தையே பார்க்கச் சகிக்கவில்லை என்று அவரே சொல்வார். எங்களுக்குக் காட்டிய துண்டில் அந்த இடம் இல்லை. யாரோ மிகுந்த அக்கறையோடு வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் என் கோபம் அதுகூட இல்லை. அந்தப் பேச்சு நடக்கும் அறையில் லவே இருக்கிறார்.

லவே யார் என்று தெரியாமலே என்னைத் திட்டியவர்களுக்காகச் சொல்கிறேன். அணியின் லைன்பேக்கர், அதாவது எதிரணியினரை மோதி வீழ்த்தும் தடுப்பாட்டக்காரர். கழுத்தில் ஏற்கெனவே காயம், தவறான இடத்தில் ஓர் அடி பட்டால் உயிரே போகலாம். அணியின் மருத்துவர் அதை மறைக்கிறார். லவேயும் ஆடத்தான் துடிக்கிறார், ஏனென்றால் ஒப்பந்தத்தில் சொன்ன இலக்கைத் தொட்டால் பத்து லட்சம் டாலர் ஊக்கத்தொகை. அந்த அறையில் வைத்துத்தான், சாகத் துணிந்தவனே அந்த அங்குலத்தை வெல்வான் என்ற பொருளில் பாசினோ பேசுகிறார். நமக்கு அது உவமை, லவேயின் எக்ஸ்ரேயில் அது தெரிகிறது. அதே ஆட்டத்தின் முடிவில் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகிறார்கள். ஒரு காட்சியில் புல்தரையில் ஓர் ஆட்டக்காரரின் கண்விழி கிடக்கிறது. அதையும் மாதாந்திரக் கூட்டத்தில் போட்டுக் காட்டலாமே, காலைச் சிற்றுண்டிக்கு முன்பாக?

"வெறும் படம்தானே" என்கிறீர்கள். லவேயாக நடித்தவர் லாரன்ஸ் டெய்லர், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்காக சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை இரண்டு முறை வென்ற நிஜ லைன்பேக்கர். நிஜ லீகை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு இந்தப் படத்துக்கு ஒத்துழைக்கவில்லை, அதனால்தான் இதில் லீக் முதல் கோப்பை வரை எல்லாமே கற்பனைப் பெயர்கள். ஏன் ஒத்துழைக்கவில்லை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். படம் வந்து மூன்றே ஆண்டில், 2002இல், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் முன்னாள் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் ஐம்பது வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயைக் கண்டு 2005இல் கட்டுரையாக வெளியிட்டார். இந்த ஆட்டத்துக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீகின் அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒத்துக்கொள்ள 2016 ஆயிற்று. வெறும் படம்!

படத்தின் படத்தொகுப்பு தலைவலி தருகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆமாம், தருகிறது. அதை விடுங்கள்.

"அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்பதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்குக் கபடி தெரியும். இருபத்தொரு வயதுவரை எங்கள் ஊர் அணிக்குப் பாடிப் போகிறவன் நான்தான். ஒரு திருவிழாப் போட்டியின் அரையிறுதியில் முட்டி திரும்பிக்கொண்டது. எங்களைப் பழக்கிய அண்ணன் வலிக்கு ஸ்ப்ரே அடித்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பேச்சுப் பேசினார். அற்புதமான பேச்சு, இன்றைக்கும் சிலிர்க்கிறது. "ஒரே ஒரு தடவை போய் வந்துவிடு தம்பி, ஊர் மானம்" என்றார். போனேன். ஜவ்வு கிழிந்தது. நாங்கள் ஜெயித்தோம், கோப்பை அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், பேச்சைக் கேட்கும்போது பேசுகிறவரை மட்டும் பார்க்காதீர்கள், அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் பின்வரிசையில், மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு இரண்டு மாதமாகத் தட்டச்சு செய்பவர் உட்கார்ந்திருந்தார். விடுப்புக் கேட்டு மூன்று முறை இல்லை என்று பதில் வாங்கியவர் இருந்தார். அவர்களுக்குத்தான் அங்குலக் கதை. லவேக்காவது பத்து லட்சம் டாலர் என்று ஒரு எண் இருந்தது. எங்களுக்குப் பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள்.

"அங்கேயே சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்கிறீர்களே" என்பவருக்கு: ஆமாம், வாங்குகிறேன். வீட்டுக் கடன் இருக்கிறது. லவேயும் அதனால்தான் ஆடினார்.

கடைசியாக, அந்தப் புகைப்படம். எல்லோரும் எழுந்து கைதட்டும்போது நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன், வட்டம் வேறு போட்டிருக்கிறீர்கள். "மரியாதைக்குக்கூட எழாத மனிதர்" என்று. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் என் முட்டி உடனே நிமிராது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து நான் எழுந்து நிற்பதற்குள் கைதட்டல் முடிந்து, எல்லோரும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.