சாம் பெல்லைத் தனியாக்கியது நிலா இல்லை

டங்கன் ஜோன்ஸ் இயக்கிய 'மூன்' (2009) பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "விண்வெளியின் கொடுந்தனிமை" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படத்தின் முக்கால்வாசிப் பலம் அதில் அடிபட்டுப் போகிறது. நிலாவில் ஒரு சுரங்கத் தளத்தில் 3 வருடம் ஒற்றை ஆளாக வேலை பார்க்கும் சாம் பெல்லைத் தனியாக்குவது அவனை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி. எப்படிச் செய்கிறது என்பதைப் படம் புட்டுப் புட்டு வைக்கிறது. (கதையை முழுக்கப் பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. ரேடியோ அலைக்கு ஒரு வழிப் பயணம் 1.3 வினாடிதான். கேட்டதற்குப் பதில் வர இரண்டரை வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அந்த இடைவெளியோடு வீட்டு விஷயம் பேசலாம், சண்டைகூடப் போடலாம். அப்பல்லோ வீரர்கள் ஹூஸ்டனோடு அப்படித்தான் பேசினார்கள். செவ்வாய் என்றால் ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிடம் வரை போகும், அங்கே உரையாடல் என்பதே கிடையாது. நிலாவில் ஒருவனை 3 வருடம் ஊமையாக்கி வைக்கத் தூரம் மட்டும் போதாது, யாராவது வேலை மெனக்கெட்டு இணைப்பை அறுக்க வேண்டும்.

அதற்குத் தோதான இடமும் படத்தில் இருக்கிறது. சாமின் தளம் நிலாவின் மறுபக்கத்தில். அங்கிருந்து பூமி தெரியாது, நடுவில் நிற்கும் பாறை சிக்னலை மறைத்துவிடும். அப்பல்லோ 11-இல் மைக்கேல் காலின்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 48 நிமிடம் தொடர்பில்லாமல் இருந்தது இதனால்தான். சீனா 2019 ஜனவரியில் சாங்'இ-4 கலத்தை மறுபக்கத்தில் இறக்குவதற்கு முந்தைய ஆண்டே தகவலை வாங்கி அனுப்ப ஒரு செயற்கைக்கோளை ஏவியதும் இதற்காகத்தான். ஆகவே "செயற்கைக்கோள் பழுது, இப்போதைக்குப் பதிவு செய்த செய்தி மட்டும்தான்" என்று கம்பெனி சொல்லும்போது சாம் நம்புகிறான். அந்த வேலை தெரிந்தவன் எவனும் நம்புவான். பொய் அவ்வளவு கச்சிதம்.

உண்மையில் தளத்தைச் சுற்றி சிக்னலை அடைக்கும் கோபுரங்களை நட்டு வைத்திருக்கிறார்கள். ரோவரில் அவற்றைத் தாண்டிப் போனதும் அழைப்பு சட்டென்று கிடைக்கிறது. எதிரே வருவது அவன் கைக்குழந்தை என்று நினைத்திருந்த மகள் ஈவ். அவளுக்கு 15 வயது. மனைவி டெஸ் இறந்து வருடங்களாகின்றன. அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அவனுக்கு முன்பிருந்த ஒரு சாமுக்கு வந்தவை. இவன் அசல் சாமின் நகல், ஒரு குளோன். இந்தக் காட்சிக்கு வெடிப்பும் இல்லை, துரத்தலும் இல்லை. ஒரு சின்னத் திரையும், சாமாக நடிக்கும் சாம் ராக்வெல்லின் முகமும்தான்.

கம்பெனி ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் பிடிக்கிறது? அந்தத் தளத்தில் எடுப்பது ஹீலியம்-3, அணுக்கரு இணைவுக்கான எரிபொருள். அதன் கணக்கைப் பார்த்தால் புரியும். சூரியக் காற்று கொண்டுவந்து நிலாமண்ணில் பதித்தது அது, நூறு கோடியில் பத்துப் பங்கு அளவில்தான் கிடைக்கும். ஒரு டன் வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 கோடி டன் மண்ணை அள்ளி, சுமார் 700 டிகிரி வரை சூடாக்க வேண்டும். (அதை எரித்து மின்சாரம் எடுக்கும் இணைவு உலை இன்றுவரை எங்கும் இல்லை.) மண் அள்ளுவதைப் படத்தில் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று பெயரிட்ட நான்கு எந்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன. மனிதனுக்கு மிச்சம் நிரம்பிய குப்பியைக் கழற்றி வந்து பூமிக்கு அனுப்புவது மட்டும். அதற்கு ஒவ்வொரு தடவையும் ஆளைப் பயிற்றுவித்து ராக்கெட்டில் ஏற்றுவதைவிட, தளத்துக்கு அடியில் நகல்களை அடுக்கி வைத்துக்கொள்வது லாபம். இதைவிடப் பெரிய வில்லத்தனம் எதுவும் படத்துக்குத் தேவைப்படவில்லை.

எடுத்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். சுமார் 50 லட்சம் டாலர், ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் 33 நாள். வெளியே ஓடும் ரோவரும் எந்திரங்களும் மினியேச்சர்கள். கஷ்டமான வேலை உள்ளே, இரண்டு சாம்கள் ஒரே ஃப்ரேமில் வரும் இடங்கள். ஒரு சாமை டூப் ஆளோடு எடுத்து, நல்ல டேக்கைத் தேர்ந்தெடுத்து, மேக்கப்பும் உடையும் மாற்றி, அதே காட்சியை மறுபக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். கேமரா அசையாமல் நின்றால் நடுவில் ஒட்டுவது சுலபம். அசைந்தால் மோஷன் கன்ட்ரோல் வேண்டும், இரண்டு முறையும் கேமரா இம்மி பிசகாமல் அதே பாதையில் போக வேண்டும். பார்வையின் உயரம் அரை விரல் மாறினாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதாகத் தோன்றாது. ஒட்டுக்கோட்டைத் தாண்டி ஒரு கை நீண்டால் வேலை இரட்டிப்பு. முதல் டேக்கில் விட்ட மூச்சு இடைவெளிக்குள் இரண்டாவது ஆள் வசனத்தை அடக்கியாக வேண்டும். டேபிள் டென்னிஸ் காட்சியை இதையெல்லாம் மனதில் வைத்துப் பாருங்கள். ராக்வெல் ஆள் மட்டும் மாறவில்லை, மட்டையைப் பிடிக்கும் பொறுமையே மாறுகிறது. அந்த ஆண்டு ஆஸ்கர் பட்டியலில் அவர் பெயர் இல்லாததை எப்படி நியாயப்படுத்துவார்கள் என்று தெரியவில்லை.

குறையும் உண்டு. தளத்துக்கு வெளியே நிலாவின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பு, கதவைத் தாண்டி உள்ளே வந்தால் பூமி போலவே நடக்கிறார்கள். அந்த பட்ஜெட்டில் வேறு வழி இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரே ஒரு வரி வசனத்தில் காரணம் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் முறை பார்ப்பவர்கள் தளத்து ரோபோ கெர்ட்டியின் முதுகைக் கவனியுங்கள். "என்னை உதை" என்று யாரோ ஒரு சாம் ஒட்டிய சீட்டு அங்கே இருக்கிறது. அப்புறம், சாம் செதுக்கும் மர ஊரை எப்போது ஆரம்பித்தான் என்பது அவனுக்கே நினைவில்லை என்று வரும் இடத்தில் ராக்வெல்லின் கண்களைப் பாருங்கள்.