இருபுறமும் கருக்கு

காலை ஐந்து மணிக்கெல்லாம் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் பைபிள் வசனம் வந்துவிடும். பின்னால் ஒரு அருவி, மேலே புறா, நடுவில் மஞ்சள் எழுத்து. ஐந்தரைக்குள் நாற்பது ஆமென் விழுந்திருக்கும். நானும் போடுவேன். பல நாள் வசனத்தைப் படிக்காமலேயே போட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒருவர் அதே குழுவில் "வசனம்தான் நம்ம ஆயுதம், பட்டயத்தை எடுங்க" என்று ஒரு நீள ஆடியோ அனுப்பியிருந்தார். பட்டயம் என்றால் பைபிள் தமிழில் வாள். சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் எடுத்த பட்டயத்தை யார் மேல் வீசுவது என்று கடைசிவரை சொல்லவில்லை. அதுதான் என் ஆதங்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமை இருந்தால் படியுங்கள்.

எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் ஒரு போர்வீரனைத் தலை முதல் கால் வரை வர்ணிக்கிறார். கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா, கடைசியில் "தேவவசனமாகிய ஆவியின் பட்டயம்". இந்த 17ஆம் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு ஐந்து வசனம் முன்னால், 12ல், நமக்கு இருக்கிற போராட்டம் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். மாம்சமும் இரத்தமும் என்றால் மனுஷன்தானே? பக்கத்து வீட்டுக்காரன், மருமகள், கோயிலுக்கு ஒழுங்காக வராத தம்பி, இவர்களெல்லாம் அந்தப் பட்டயத்துக்கு இலக்கு இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லியாயிற்று. நாமோ பெரும்பாலும் அவர்கள் மேல்தான் வீசுகிறோம். இயேசுவைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது அவருடைய சீஷன் பேதுரு அப்படித்தான் வீசினார், பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸுக்குக் காது போயிற்று. "உன் பட்டயத்தை உறையிலே போடு" என்றார் இயேசு. பவுல் பட்டயத்துக்குப் போட்டிருக்கிற கிரேக்கச் சொல்லும் யோவான் பேதுருவின் பட்டயத்துக்குப் போட்டிருக்கிற சொல்லும் ஒன்றுதான். வசனத்தால் வெட்டுப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்களுக்கும் முதலில் போவது காதுதான். அதற்கப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் ஏறாது.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது அப்பாவுக்கு 140 தென்னை இருந்தது. விடிந்து பார்த்தபோது நின்றது 11. விழுந்ததெல்லாம் யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. வீட்டு ஓடும் பாதி போய்விட்டது. அலமாரியில் இருந்த அப்பாவின் பைபிள் நனைந்து ஊறி, செங்கல் மாதிரி உப்பிவிட்டது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு ஊழியக்காரர் வந்தார். கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீருக்கே அலைகிறோம். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மல்கியா 3ஐத் திறந்தார். தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, முழுசாகக் கொடுத்தால் பட்சித்துப்போடுகிறவைகளைக் கர்த்தர் கண்டிப்பார், நிலத்தின் பலன் அழியாது என்று வாசித்துவிட்டு, "முழுசா குடுத்தீங்களாய்யா?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அப்பா, "டீ சாப்பிட்டுட்டுப் போங்கய்யா" என்றார், அவ்வளவுதான். அவர் போனபிறகு நான் கத்தினேன். அப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அவரு சொன்னதும் வசனந்தான் தம்பி. வனாந்தரத்துல பிசாசு சொன்னதும் வசனந்தான்."

மத்தேயு 4ஐ எடுத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்கப் பிசாசு சும்மா வரவில்லை, 91ஆம் சங்கீதத்தோடு வருகிறான். நாம் கார் கண்ணாடியில் ஒட்டுகிற, குழந்தை தலையணைக்கடியில் வைக்கிற அதே சங்கீதம். வார்த்தைகள் சரி, நோக்கம்தான் வேறு. இயேசு திருப்பிச் சொன்ன மூன்று பதிலும் உபாகமத்திலிருந்து. அதிலும் 6ஆம் அதிகாரத்தில் இரண்டு, 8ஆம் அதிகாரத்தில் ஒன்று. ஒரே புத்தகத்தில், பக்கத்துப் பக்கத்துப் பக்கங்கள். இது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை. நாற்பது நாள் பசியோடு இருந்த ஒருவருக்கு அந்தப் பக்கங்கள் அந்த நேரத்தில் தேடி எடுக்காமல் வருகிறதென்றால், அவர் அதிலேயே ஊறிக் கிடந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்புறம், அந்த மூன்றையும் அவர் யாரைத் திருத்தவும் சொல்லவில்லை. "மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல" என்பது தன் வயிற்றுப் பசிக்கு நேராக அவர் வைத்தது.

தண்ணீர் திறந்தபிறகு வாய்க்கால் தூர்வாருகிற கூத்தைக் கடைமடைக்காரர்கள் வருஷா வருஷம் பார்த்துத் திட்டுகிறோம். மேட்டூரில் ஜூன் 12 திறந்தாலும் இங்கே வந்து சேர நாளாகும். வாய்க்கால் புதர் மண்டிக் கிடந்தால் வரவே வராது. பைபிள் விஷயத்தில் நாம் செய்வதும் அதே கூத்துதான். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, எந்த வசனம் வல்லமையானது என்று குழுவில் கேட்கிறோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதில் "வாலாக்காமல் தலையாக்குவார்" வரும். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று யாருக்காவது வந்திருக்கிறதா? அதுவும் வசனம்தான். அச்சடிக்கத்தான் ஆளில்லை.

போன வருஷம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனோம். பிள்ளைகளுக்குக் கடல்தான் முக்கியம், எனக்கு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கியவர், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். நடுவில் அவருடைய சொந்த மதத்துக்காரர்களான டேனிஷ் அதிகாரிகளே கோட்டையில் நாலு மாதம் அடைத்துப்போட்டார்கள். புதிய ஏற்பாட்டை அச்சேற்றும்போது, 1714 - 15ல், காகிதம் பற்றவில்லை. எழுத்தைப் பொடியாக வார்த்தார்கள், பொறையாரில் காகித ஆலையே வைத்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும்தான் வந்தார், 36 வயதில் போய்விட்டார். ஒரு மனுஷன் எழுத்து எழுத்தாகச் சேர்த்ததை நான் கட்டைவிரலால் ஒரு நொடியில் ஃபார்வர்ட் செய்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கஜா கதைக்கே வருகிறேன். வெயில் வந்ததும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து, ஒட்டிக்கிடந்த பைபிள் தாள்களை ஒரு ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். விழுந்த தென்னையின் ஈர்க்குச்சிதான், அதற்கா பஞ்சம். பிரித்த தாள்களுக்கு நடுவில் பழைய தினத்தாளைக் கிழித்து வைப்பார். சங்கீதம் முடியவே இரண்டு நாள் ஆயிற்று. வேலை செய்துகொண்டே வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆபகூக் 3ஆக இருக்கும், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிற இடமாக இருக்கும் என்று நினைத்தேன், ஏனென்றால் சென்னையில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் அனுப்பியிருந்தார்கள். கிட்டே போய்க் கேட்டால், 13ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." கடவுளிடமே சண்டை! ஆனால் அந்த வாரம் அவரை உள்ளே அரித்த பொய் எதுவோ, உன் பாவத்தால்தான் மரம் விழுந்தது, வாயை மூடிக்கொண்டு இரு என்பதோ என்னவோ, அதற்கு அந்தப் பட்டயம்தான் சரியாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் அனுப்பிய எதுவும் உதவவில்லை. அவர் எப்போதோ மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது உதவியது.

எபிரெயர் 4:12ல் தேவனுடைய வார்த்தை "இருபுறமும் கருக்குள்ள எந்தப் பட்டயத்திலும் கருக்கானது" என்று வருகிறது. கருக்கு என்றால் வெட்டுகிற கூர். நம் ஊர் கருக்கரிவாளுக்கு ஒரு பக்கம்தான் கருக்கு. பிடிக்கிறவன் பக்கம் ஆபத்தில்லை (என் இடது சுண்டுவிரல் தழும்பு வேறு கதை). இருபுறமும் கருக்கு என்றால் ஒரு பக்கம் எப்போதும் வீசுகிறவனைப் பார்த்தே இருக்கிறது.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா மகனோடு எனக்கு ஒரு வரப்புத் தகராறு. போன மாதம் அவன் கல்லை ஒரு முழம் நகர்த்திப் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டதும், "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். அவனுக்காகவேதான். அரைமணி நேரத்தில் பார்த்தும்விட்டான். ராத்திரி, இன்னும் காரமாக வேறு ஏதாவது கிடைக்குமா என்று கலாத்தியர் 6ஐ முதலிலிருந்து படித்தேன். முதல் வசனமே, ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் "சாந்தமுள்ள ஆவியோடே" அவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள், நீயும் சோதிக்கப்படாதபடி எச்சரிக்கையாயிரு. இரண்டாவது, "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து". நான் எடுத்து வீசிய ஏழாம் வசனம் இதற்கெல்லாம் கீழே உட்கார்ந்திருக்கிறது.

ஸ்டேட்டஸை எடுத்துவிட்டேன். அவனிடம் இன்னும் பேசவில்லை, கல்லும் அங்கேயேதான் கிடக்கிறது. சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதற்குள் அந்த அதிகாரத்தை மனப்பாடம் பண்ண வேண்டும், இப்போதைக்கு இரண்டாம் வசனத்திலேயே நிற்கிறேன்.